ஜவ்வாது மலையும் செம்மரமும்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் என்றதும் நமது வாசகர்களுக்கு அங்குள்ள வானசாஸ்திர நிலையமே நினைவுக்கு வரும். 1986-ம் வருஷம் ஜனவரி மாதம் அப்போதைய பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அவ்விடம் விஜயம் செய்து, நம்மவரே நிர்மாணித்த 2.34 மீட்டர் தூரதரிசினியைத் திறந்துவைத்தார். ஆனால் அம்மலையில் வாழும் மலையாளிக் குடிகளைப் பற்றிச் சமவெளியார் சிந்திக்க நேர்ந்தது 2015-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதிக்குப் பிறகே. அன்று திருப்பதிக்கடுத்த சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்களென்று சொல்லி, தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேரை ஆந்திர விசேஷப் படையினர் சுட்டுக் கொன்றனர். மாண்டவருள் ஜவ்வாது மலையாரும் இருந்தனர்.

மானாவாரிச் சாமையை நம்பி வருஷம் முழுவதும் ஜீவிக்க இயலாது. ஆகவே மலை ஜனங்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகின்றனர். அக்கூலி கடனுக்கே சரியாகிவிடும். கோடரி பிடிக்கத் தெரிந்தவனிடம் தரகன் வந்து, சில நாள் வேலைக்குப் பல மாதக் கூலியைக் காட்டுகிறான். முன்பு போனவனொருவன் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கி, கூரை வீட்டைப் பிரித்து மச்சு வீடு எழுப்பினால், திருவிழாவில் அவனுக்குத் தனி மரியாதை. அடுத்த வீட்டுக்காரன் மனம் சும்மா இருக்குமா? இதைப் பேராசையென்று இகழ்வது நகரவாசிகளுக்குச் சுலபம். (கடன் வாங்கி மோட்டார் கார் ஓட்டுவோர் நமது பட்டணங்களில் எத்தனை பேரென்று கேட்க வேண்டாம்.) ஆப்பிரிக்காவில் பிரஸாவில், கின்ஷாஸா நகரங்களிலும், பாரிஸுக்குப் பிழைக்கப் போய் விலையுயர்ந்த உடுப்போடு திரும்பி வீதியில் உலாவுகிறவனுக்குத் தனி மதிப்புண்டு.

மெய்யான டம்பமோ காவலூரில் இல்லை. செம்மரம் பெரும்பாலும் ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளிலேயே இயற்கையாய் வளர்வது. சீனச் சக்கரவர்த்திகளின் அரண்மனை ஆஸனங்களுக்கு உகந்ததாகப் போற்றப்பட்ட செம்மரத்தை, இன்று செல்வம் பெருகிய சீன நகரங்களின் தனவந்தர் தம் கூடங்களில் நாற்காலியாகவும் அலமாரியாகவும் வைத்துப் பெருமை கொள்கின்றனர். 1995 முதல் அதன் வியாபாரம் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அருமையாக ஆக விலை ஏறுகிறது. விலை ஏற ஏற அந்தஸ்தும் கூடுகிறது. அந்த நாற்காலியில் சாய்ந்திருப்பவனை எந்தப் படையும் தேடிப் போகவில்லை. சேஷாசலத்தில் பாய்ந்த குண்டுகள் கோடரிக்காரனையே கண்டன.

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மலைக்குடிகளுக்கு நிலத்திலும், தேன், புளி, கடுக்காய் முதலிய சிறு வனப் பொருள்களிலும் பாத்தியதை அளித்திருக்கிறது. இவ்வறுவடை முடிந்து தரகர்கள் மலையேறுமுன், அப்பாத்தியதைகள் காகிதத்தை விட்டு வயலுக்கு வருமாறு திருப்பத்தூர், திருவண்ணாமலை ஜில்லா அதிகாரிகள் ஏற்பாடு செய்வார்களாவென்று கேட்கிறோம்.