கண்ணாடியிழைப் படகு மறுபூச்சு

கண்ணாடியிழைப் படகு மறுபூச்சு என்பது கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு கட்டப்பட்ட படகின் தேய்ந்த மேற்பரப்பில் புதிய காப்புப் பூச்சு இடுவதாகும். பூசப்படும் பகுதி நீர்மட்டக் கோட்டுக்கு மேலுள்ளதா, கீழுள்ளதா என்பதைப் பொறுத்தே பூச்சு தெரிவு செய்யப்படுகிறது.

தேவை

இவ்வகைப் படகுகளின் வெளிப்புறம் ஜெல்கோட் எனப்படும் நிறமூட்டிய பிசின் படலத்தால் ஆனது. இதன் தடிப்பு ஏறத்தாழ 0.5 மி.மீ. ஆகும். வெயிலின் புற ஊதாக் கதிர்களால் இது மங்கி, வெண்பொடியாக உதிர்கிறது. படலம் போதிய தடிப்புடன் இருப்பின் மெருகேற்றுவதே போதும். இழை தெரியுமளவு மெலிந்திருப்பின் மறுபூச்சு தேவைப்படும்.

நீர்மட்டத்துக்கு மேல்

* ஜெல்கோட்: சிறு பழுதுகளுக்கு ஏற்றது. காற்றுப்படும் பக்கம் இறுகாது பிசுபிசுப்பதால் மெழுகுக் கரைசல் கலந்து பூசப்படுகிறது.
* ஒருகூற்றுப் பாலியூரித்தேன்: விலை குறைந்தது, தூரிகையால் எளிதில் பூசலாம், விரைவில் மங்கும்.
* இருகூற்றுப் பாலியூரித்தேன்: கடினமானது, பளபளப்பு பல ஆண்டுகள் நீடிக்கும். இதன் வன்படுத்தியிலுள்ள ஐசோசயனேட்டுகள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. தெளிப்பானால் பூசுவோருக்குத் தூய காற்றை வெளியிலிருந்து வழங்கும் முகமூடி தேவை. துணி முகமூடி பயன்தராது.

நீர்மட்டத்துக்குக் கீழ்

மேற்பகுதிக்கான பாலியூரித்தேன் பூச்சுகள் பெரும்பாலும் இடைவிடாது நீரில் மூழ்கியிருந்தால் கொப்புளித்து உரியும். எனவே கீழ்ப்பகுதியில் நீர் ஊடுருவலைக் குறைக்கும் எப்பாக்சியும், அதன்மேல் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சும் இடப்படுகின்றன. எப்பாக்சி வெயிலைத் தாங்காததால் மேற்பகுதியில் அடிப்பூச்சாக மட்டுமே பயன்படுகிறது.

ஒட்டுத்தடுப்புப் பூச்சுகள் பலவற்றில் குப்ரசு ஆக்சைடு உள்ளது. முன்னர் பயன்பட்ட டிரைபியூட்டைல்டின் சேர்மங்கள் கடல்வாழ் உயிரினங்களுக்குக் கேடு விளைவித்தன. அவற்றைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு, 2008இல் நடைமுறைக்கு வந்தது.

தமிழகக் கடற்கரையில் மீன்பிடித்தபின் மணலில் ஏற்றி வைக்கப்படும் பைபர் படகுகளுக்கு ஒட்டுத்தடுப்புப் பூச்சு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. மணலில் உராய்ந்து தேயும் அடிப்பாகத்தை இழையும் பிசினும் இட்டுச் சீர்செய்வதே அவற்றுக்கு முதன்மையானது.

மேற்பரப்பைத் தயார்செய்தல்

உப்புத்தாளால் தேய்க்கும் முன்னரே மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் கரைப்பானால் நீக்க வேண்டும். இல்லாவிடில் தேய்க்கும்போது மெழுகு கீறல்களுக்குள் புகுந்து, பூச்சு ஒட்டாது போகும். பழைய பூச்சின்மேல் கரைப்பானில் நனைத்த துணியைச் சற்றுநேரம் வைத்துச் சோதிக்கலாம். பூச்சு இளகினால் அதன்மேல் இருகூற்றுப் பூச்சு இடக்கூடாது. இட்டால் பழைய பூச்சு சுருங்கிக் கிளம்பும்.