விருந்தாளிப் பிள்ளைகள்

அப்பாவைப் படிக்கவைக்கப் பெரியப்பா நிலத்தை விற்ற கதையைச் சென்ற வாரம் சொன்னேன். அந்தக் கடன் என்னவென்று எங்களுக்குத் தெரிந்தது பெரியப்பாவின் ஊரான சாத்தூரில்தான். எழுபதுகளில் முழுப்பரீட்சை லீவு விட்டதும் எழும்பூரில் மீட்டர்கேஜ் ரயிலேறி அங்கே போவோம். எனக்குப் போகவே பிடிக்காது.

சாத்தூர் என்றால் பலருக்குக் காராச்சேவு, வெள்ளரிக்காய். எனக்கு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாடை. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். அந்தத் தொழில் சுற்றுவட்டாரமெல்லாம் பரவி, மழை பொய்த்த கரிசல்காட்டு வீடுகளுக்குக் கஞ்சி ஊற்றியது. பெரியப்பா வீட்டிலும் பெட்டி ஒட்டினார்கள். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி.

விடிந்ததும் பெரியப்பா மகளான அக்கா பலகையோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். நானும் ஒட்டுகிறேன் என்று போனால் பெரியம்மா விடமாட்டாள். "மெட்ராஸ் பிள்ளைகளுக்கு எதுக்குய்யா இந்தப் பாடு? போயி சேவு தின்னுங்க." பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அக்கா நிமிரமாட்டாள். வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்து வந்த நல்ல தண்ணீர் எங்களுக்கு. அவர்கள் குடித்தது உப்புத் தண்ணீர். நெய்யும் எங்கள் இலையில் மட்டும்தான் விழும். பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டு அந்தச் சோற்றை விழுங்குவது பெரும்பாடு.

அங்கே அப்பாவும் வேறு ஆளாகிவிடுவார். அண்ணன் முன்னால் நாற்காலியில் உட்காரமாட்டார். கிளம்புகிற அன்று, "மதினி, இதை வச்சுக்கங்க" என்று ஒரு கவரை நீட்டுவார். "இருக்கட்டும் தம்பி, பிள்ளைகளுக்கு ஆகும்" என்று பெரியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஒரு தடவையாவது வாங்கியிருந்தால் அப்பா ரயிலில் அப்படி ஊமையாக வந்திருக்கமாட்டார்.

அம்மாதான் ஒரு வருஷம் வழி கண்டாள். யாரையும் கேட்கவில்லை, பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் ஒட்டிய பெட்டிகளில் மூலை பிசகியது. அக்கா பிரித்து ஒட்டிக் கொடுத்தாள், சிரித்தாள். அன்றுதான் அவள் வாய்விட்டுப் பேசிக் கேட்டேன். எத்தனை குரோஸ், என்ன கூலி, மளிகைக் கடையில் எவ்வளவு பாக்கி, எல்லாம் அவளுக்கு மனக்கணக்கு. எனக்குத் தாள் வேண்டும். அவளோ எட்டாவதோடு நின்றவள்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தொழில் தடைப்பட்டியலில் இருந்தது. ஆனால் குடும்பத்தார் உதவியோடு நடக்கும் வேலைக்கு அதில் விலக்கு கொடுத்திருந்தார்கள். அக்கா உட்கார்ந்திருந்தது போன்ற திண்ணைகள் அந்த விலக்குக்குள் அடங்கிவிட்டன. பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளையின் உழைப்பு உழைப்பில்லையா? அந்த வரியைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா மறுபடி புத்தகத்தைத் தொட்டது கல்யாணத்துக்குப் பிறகு. அதை அவள் சொன்னபடியே அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)