ஒரே மண்ணுக்கு இரண்டு விறைப்பு

நெடுஞ்சாலையின் ஓரத் தடத்தில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. அது இழுத்து வந்த டிரெய்லரிலிருந்து 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு ஒன்று தார்மேல் இறங்கி உட்காருகிறது. அடுத்த கணம், 'தொம்' என்று அதன்மேல் ஓர் எடை விழுகிறது. சுமார் 4 டன் விசை; ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம். ஓடும் லாரியின் சக்கரம் சாலையை அழுத்துவதும் ஏறக்குறைய இப்படித்தான். தகட்டிலிருந்து வரிசையாக நீளும் உணர்கருவிகள், சாலை எங்கே எவ்வளவு குழிந்தது என்று அளக்கின்றன. குழிவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

பொறியாளர்கள் இதை எஃப்.டபிள்யூ.டி. சோதனை என்பார்கள். சாலையை வெட்டாமலே, குழிவின் வடிவத்தை வைத்துக் கணினி ஒவ்வோர் அடுக்கின் விறைப்பையும் பின்னோக்கிக் கணக்கிடுகிறது.

இன்னொரு வழி ஆய்வுக்கூடத்தில். சாலைக்கு அடியிலுள்ள மண்ணை உருளையாக்கி, ரப்பர் உறை மாட்டி, சுற்றிலும் அழுத்தம் கொடுத்து, மேலிருந்து நொடிக்கு ஒரு தடவை தட்டுகிறார்கள். 0.1 நொடி சுமை, 0.9 நொடி ஓய்வு. ஒவ்வொரு தட்டுக்கும் மண் எவ்வளவு அமுங்கி மீள்கிறது என்பதே கணக்கு.

மண் ஒன்றுதான். ஆனால் இரண்டு விடைகளும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டு சாலை வடிவமைப்பு வழிகாட்டி இதை வெளிப்படையாகவே ஏற்றது: களத்தில் கணக்கிட்ட அடிமண் விறைப்பை 0.33ஆல், அல்லது அதைவிடச் சிறிய எண்ணால், பெருக்கிய பிறகே வடிவமைப்புக்கு எடுக்க வேண்டும்.

அதற்குக் காரணம் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவாவில் இருக்கிறது. அங்கே 1958 முதல் 1960 வரை ராணுவ ஓட்டுநர்கள் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சோதனைச் சாலைகளைத் தேய்த்தார்கள். அதிலிருந்து பிறந்த, அந்த வழிகாட்டியின் வடிவமைப்புச் சமன்பாட்டில் அந்த ஊர்க் களிமண்ணுக்குத் தரப்பட்ட விறைப்பு சுமார் 20 மெகாபாஸ்கல். அது ஆய்வுக்கூட அளவு. 20ஐ மட்டுமே அறிந்த சமன்பாட்டில், அதே மண்ணுக்குக் களத்தில் வரக்கூடிய 60ஐப் போட்டால், மண் மும்மடங்கு நல்லது என்று நம்பி அது மெல்லிய சாலையைக் கொடுத்துவிடும்! முதல் சில மழைக்காலங்களிலேயே சக்கரத் தடங்கள் பள்ளமாகிவிடலாம்.

ஏன் இந்த வித்தியாசம்? கனமான சாலைக்கு அடியில் இருக்கும் மண்ணுக்கு மேலிருந்து மிகக் குறைந்த அழுத்தமே வந்து சேர்கிறது. களிமண்ணோ குறைந்த அழுத்தத்தில் விறைப்பாக நிற்கும். அழுத்தம் கூடக் கூட இளகும். தோண்டி எடுத்த மண்ணைக் கலைத்துத் திரும்ப இடிக்கும்போது, ஆண்டுக்கணக்கில் அது இறுகியிருந்த அமைப்பும் போய்விடுகிறது. அளவையும் மறக்கக் கூடாது: ஆய்வுக்கூடத்தில் கையில் தூக்கும் ஓர் உருளை, களத்தில் பல மீட்டர் ஆழம் சேர்ந்து பதில் சொல்கிறது. கீழே பாறை இருந்து, கணக்கிடுபவர் அதைக் கவனிக்காவிட்டால், மண்ணின் விறைப்பு பொய்யாகக் கூடிவிடும்.

இந்தியாவில் பெரும்பாலும் இந்த நுட்பமான ஆய்வுக்கூடச் சோதனைகூட நடப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 1929 வாக்கில் பிறந்த சி.பி.ஆர். சோதனையே இன்றும் அடிப்படை. மண்ணை 4 நாள் தண்ணீரில் ஊறவைத்து, 50 மில்லிமீட்டர் உலக்கையை மெதுவாக அழுத்துகிறார்கள். சி.பி.ஆர். 5 என்றால் அதைப் பத்தால் பெருக்கி 50 மெகாபாஸ்கல் என்று எடுக்கச் சொல்கிறது இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 37 விதி. மெதுவாகக் குத்தி அளந்த பலத்தை, நொடிக்குள் மீளும் விறைப்பாக மாற்றும் சூத்திரம் இது. கைக்கு எளிது, ஆனால் அனுபவத்தில் கிடைத்த மதிப்பீடுதான், நேரடி அளவு அல்ல.

நான்கு நாள் ஊறிய மண் ஐப்பசி அடைமழையைக் காட்டுகிறது. மே மாத வெயிலில் களத்தில் எடையை விழவிட்டால் வறண்ட மண் பதில் சொல்லும். நண்பகல் சூட்டில் தார் இளகியிருக்கும். விடியற்காலையில் கல்லாக இருக்கும். அதனால்தான் களச்சோதனைக்கான ஐ.ஆர்.சி. 115 வழிகாட்டி, தார் அடுக்கின் விறைப்பை 35 டிகிரி செல்சியஸுக்குத் திருத்தச் சொல்கிறது. அடிமண்ணுக்குப் பருவகாலத் திருத்தமும் உண்டு.

நேர்மையாக ஒப்பிட விரும்புகிறவர் எடை விழுந்த அதே இடத்தில் அன்றைக்கே குழி தோண்ட வேண்டும். மண்ணின் ஈரத்தையும் அடர்த்தியையும் குறித்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் அதே ஈரத்தில், அதே அடர்த்தியில், சாலைக்கு அடியில் இருந்த அதே அழுத்தத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்யும்போது இரண்டு எண்களும் நெருங்கி வர வாய்ப்புண்டு. பிறகும் மிஞ்சும் இடைவெளியைத் தேட, குழிக்குள் இன்னும் ஆழமாக இறங்க வேண்டியிருக்கும்.