பழைய புத்தகக் கடைகள்

லூமுட் படகுத்துறையில் பங்கோர் தீவைக் கண்டு திரும்பும் பயணிகள் சிலர், வடக்கே பினாங்குக்கும் செல்வர். அங்கே சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உள்ளன. அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதை விரும்பிகளுக்கு இத்தகைய கடைகள் புதையலாகும். மறுபதிப்புக் காணாத நூல்கள் பெரும்பாலும் இவற்றில்தான் அகப்படும்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் நூலாயிற்று. ஜீனோ என்னும் இயந்திர நாயின் கதையை இன்றும் வாங்கலாம். நூலாகாத தொடர்கள் அப்படியல்ல. வாசகர்கள் இதழ்ப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்த தொகுப்புகளிலும் அவை எஞ்சியிருக்கலாம்.

1985-ஆம் ஆண்டு சென்னை மூர் மார்க்கெட் தீப்பற்றியபோது அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளும் எரிந்தன. அச்சில் இல்லாத நூல் எரிந்தால், அதை மீண்டும் வாங்குவது கடினம். எனவே, பயணத்தின்போது அடுக்கின் அடியில் கிடக்கும் நூலையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தல் நன்று.