ஆறு நிமிஷம் மிச்சம்!

ஆபீஸுக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்த சகோதரிகளைக் கொஞ்ச நாளில் ஓர் ஆசை பிடித்துக்கொள்கிறது. "நேற்று 30 நிமிஷம் ஆயிற்று, இன்று 29, நாளை 28 ஆக்கிவிட வேண்டும்!" என்று மனம் கணக்குப் போடுகிறது. கையில் கட்டிய கடியாரமே வேகத்தையும் நாடித் துடிப்பையும் சொல்லிவிடுகிற காலம் அல்லவா? ஆசையில் தப்பே இல்லை. குழந்தைக்குத் தலை பின்னி, எல்லோருக்கும் டிபன் கட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குத்தான் காலை நேரத்து நிமிஷத்தின் அருமை தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தை எங்கே சம்பாதிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உங்கள் ஆபீஸ் 8 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 30 நிமிஷம்; 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 24 நிமிஷம். லாபம் 6 நிமிஷம். அதற்கு விலை என்ன தெரியுமா? வேகம் கொஞ்சம் கூடினால் காற்றின் எதிர்ப்பு நிறையக் கூடிவிடும். எதிர்க்காற்றைச் சமாளிக்க மட்டும் கால்கள் ஏறக்குறைய இரு மடங்கு சக்தியைச் செலவிட வேண்டும்!

மறுபக்கம் பாருங்கள். வழியில் 6 சிக்னல். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம் காத்திருக்கிறீர்கள். அவற்றில் மூன்றைத் தவிர்க்கும் உள் தெரு ஒன்று அகப்பட்டால், மூச்சு வாங்காமலே 3 நிமிஷம் மிச்சம். பள்ளிக்கூட நெரிசலுக்குக் கால் மணி முன்னதாகக் கிளம்பினால் இன்னும் லாபம்.

அடுத்தபடியாகச் சைக்கிளைக் கவனியுங்கள். டயரில் காற்றுக் குறைந்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை காற்று அடித்து, செயினைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட்டின் சரியான உயரம். மிதிப்பது மட்டும் முன்பாதத்தால். கைப்பையையும் டிபன் டப்பாவையும் தோளில் மாட்டாமல் காரியரில் கட்டுங்கள். செயின் கவர் அவசியம். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தின் பக்கமே போகக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு இன்னும் வேகம் வேண்டுமானால் கால்களைப் பழக்கலாம். ஆனால் வாரத்தில் இரண்டே நாள்! செவ்வாயும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 10 நிமிஷம் நிதானமாகப் போங்கள். பிறகு நெரிசல் இல்லாத இடமாகப் பார்த்து 2 நிமிஷம் விரைவு, 3 நிமிஷம் நிதானம் என்று மூன்று தடவை. மற்ற நாட்களில், பக்கத்தில் வருகிறவருடன் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டு போகும் வேகம் போதும். நாலு வாரத்துக்கு ஒரு வாரம் விரைவே வேண்டாம்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? மிதிக்கும்போது உடம்பு களைக்கிறது. ஓய்விலும் தூக்கத்திலுந்தான் அது வலுவடைகிறது. பந்தயக்காரர் பயிற்சி முடிந்ததும் காலை நீட்டிப் படுத்துவிடுவார். நீங்களோ வீடு திரும்பியதும் அடுப்பு மூட்டுகிறீர்கள், பாத்திரம் தேய்க்கிறீர்கள், மாடியில் துணி உலர்த்துகிறீர்கள். அதெல்லாம் எந்தக் கடியாரத்துக் கணக்கிலும் சரியாக ஏறுவதில்லை. உடம்பின் கணக்கில் ஏறிவிடுகிறது. விருந்தாளி வந்த மறுநாளும், குழந்தைக்கு ஜுரமென்று கண் விழித்த மறுநாளும் விரைவு நாளே ஆனாலும் மெதுவாகப் போங்கள்.

அளவு மீறினால் உடம்பே நோட்டீஸ் கொடுக்கும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடியை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்புப் போல் கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் ஓய்வு வேண்டும் என்று அர்த்தம். படுத்தால் தூக்கம் வராமை, பசி மந்தம், மாடிப்படியில் கால் கனத்தல், அடிக்கடி ஜலதோஷம், காரணமில்லாமல் எரிச்சல் - இவையும் அறிகுறிகளே. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு உழைப்பைக் கூட்டினால் மாதவிலக்குத் தவறலாம், எலும்பும் பலவீனப்படலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014-ல் இதைப் பற்றி விசேஷமாகவே எச்சரித்தார்கள். அப்படி நேர்ந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. "எனக்குப் பழக்கம் போதவில்லை" என்று நீங்கள் இன்னும் வேகமாக மிதிக்க, உண்மையில் போதாதது ரத்தமாக இருக்கலாம்! களைப்பு விடாவிட்டால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முதல் வேலை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் மூலம் எழுத்துப் படித்த ஆயிரக்கணக்கான பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்பதுதான் அவர்கள் கண்ட ஆனந்தம். அந்த ஆனந்தத்தைக் கடியாரத்துக்கு அடகு வைக்க வேண்டாமே!

அப்படியும் காலையில் 6 நிமிஷம் போதவில்லையா? டிபன் கட்டும் வேலையை வீட்டுக்காரரிடம் ஒப்படையுங்கள். சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே பத்து நிமிஷம் மிச்சமாகிவிடும்!