சிலந்திக்கு அஞ்சுவோர் சிந்தனைக்கு



அன்று மாலை மதரஸாவில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். "ஹஜ்ரத், எட்டுக்கால் பூச்சி!" என்று ஒரு பிள்ளை அலறியதும் பாய் முழுவதும் காலியாகிவிட்டது. வந்திருந்ததோ விரல் நுனி அளவேயான வீட்டுச் சிலந்தி! சிலந்தியின் பெயரையே தாங்கிய 'அல் அன்கபூத்' என்னும் 29ஆவது அத்தியாயத்தை ஓதும் பிள்ளைகள்தாம் அவர்கள். பெரியவர்களாகிய நாம் அலறுவதைக் கண்டல்லவா பிள்ளைகளும் அலறுகின்றனர்?

உலகில் 50,000க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஏறத்தாழ எல்லாவற்றுக்குமே நஞ்சு உண்டு. ஆயினும் அது ஈ, கொசு போன்ற இரைகளை வீழ்த்த இறைவன் அளித்த ஆயுதம். மனிதனுக்குக் கேடு செய்பவை மிகச் சிலவே.

அத்தகைய ஒன்று நம் பகுதியிலும் உண்டு. ஓமலூருக்கு அருகிலுள்ள காடையாம்பட்டியில் கிடைத்த சிலந்தியைக் கொண்டு, 1899இல் போக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலறிஞர் ஒரு புதிய இனத்தை உலகுக்கு அறிவித்தார். உள்ளங்கையை நிறைக்கும் அளவுள்ள அதனை 'சேலம் ஆர்னமெண்டல்' என்று வெளிநாட்டார் அழைக்கின்றனர். மரப்பொந்துகளில் மறைந்து வாழும் இவ்வகைச் சிலந்தி கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும். பிடிப்பு சில நாள் கழித்துத் திரும்பவும் வரலாம். ஆனால் உயிரிழப்பு நேர்ந்ததாகப் பதிவில்லை. உண்மையில் ஆபத்தில் இருப்பது அந்தச் சிலந்திதான். அழகுக்காகப் பிடித்து விற்கப்பட்டதால், 2019 முதல் இவ்வகைச் சிலந்திகளின் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

அப்படியானால் அஞ்ச வேண்டியது எதற்கு? "ஏதோ பூச்சி கடித்தது" என்று எண்ணித் திரும்பவும் படுத்துக்கொள்ளும் அலட்சியத்திற்கே அஞ்ச வேண்டும்! இரவில் தரையில் உறங்குவோரைத் தீண்டும் கட்டுவிரியனின் கடியில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. பல் பதிந்த தடமும் தெரியாமற் போகலாம். பின்னர் வயிற்று வலி, இமைகள் தாமே சரிதல், விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் எனத் தொடர்ந்து உயிரையே பறித்துவிடும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மாண்டதாக ஆய்வு கூறுகிறது.

எனவே, கடித்தது எதுவெனத் தெரியாவிட்டால் விடியும்வரை காத்திராதீர்கள். கடிவாயைக் கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து உடனே அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். பாம்புக் கடிக்கு நச்சுமுறிவு மருந்து உண்டு. சிலந்திதான் கடித்தது என்பதைக் கண்ணால் கண்டிருந்தால், சோப்பும் நீரும் கொண்டு கழுவிக் குளிர்ந்த துணியை வையுங்கள். வலியோ பிடிப்போ மிகுந்தால் மருத்துவரை நாடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்டக் கற்பித்தது நம் மார்க்கம். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகுவதும், இரவில் விளக்கின்றி நடவாதிருப்பதும் நாம் கட்ட வேண்டிய கயிறுகள்.

அன்று அந்தச் சிலந்தியை ஒரு தாளில் ஏந்தி வெளியே விட்டோம். பிள்ளைகள் அருகில் வந்து பார்த்தனர். அச்சத்தை அகற்றுவது அறிவே. அதை உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் இன்றே ஊட்டுங்கள்!