உங்களுக்குத் தெரியுமா? கொழும்புத்துறைப் பொறியியலாளர் அமைச்சரான கதை

கொழும்புத்துறையைச் சேர்ந்த செல்லையா குமாரசூரியர் தொழிலால் குடிசார் பொறியியலாளர். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்தபோது தபால், தொலைத்தொடர்பு அமைச்சரானார். அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே தமிழர் அவர்தான்.

*

அவரை அமைச்சராக்கியது வாக்குப்பெட்டி அல்ல. அன்று இலங்கையில் செனட் சபை இருந்தது. அதன் 30 உறுப்பினர்களில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும். மற்ற 15 பேரையும் மகாதேசாதிபதி நியமிப்பார். அமைச்சர்களில் இருவராவது செனட்டர்களாக இருக்க வேண்டும் என்பது சோல்பரி அரசியலமைப்பின் விதி. குமாரசூரியர் வந்த வழி அது. 1971 அக்டோபரில் செனட் ஒழிக்கப்பட்டது. அவரது பதவி மட்டும் 1977 வரை நீடித்தது.

*

தபால் அமைச்சு தமிழருக்குப் புதிதல்ல. சுதந்திர இலங்கையின் முதல் தபால் அமைச்சர், மன்னார்த் தொகுதியில் வென்ற கதிரவேலு சிற்றம்பலம். 1950களில் சு. நடேசனும் அந்தப் பொறுப்பில் இருந்திருக்கிறார்.

*

நல்லூர் ஆறுமுக நாவலருக்கும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமிக்கும் இலங்கையில் முத்திரை வெளியான ஆண்டு 1971. அப்போது தபால் அமைச்சர் குமாரசூரியர். மறு ஆண்டு மே 22ஆம் திகதி நாடு குடியரசானது. 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயர் முத்திரைகளிலிருந்து மறைந்ததும் அவருடைய காலத்தில்தான்.

*

மனதை உறுத்தும் கணக்கு ஒன்றும் இதே காலத்தைச் சேர்ந்தது. 1971இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. நான்கு பாடங்களுக்கும் சேர்த்து மொத்தம் 400 புள்ளிகள். பேராதனைப் பொறியியல் பீடத்தில் இடம் கிடைக்க, சிங்களத்தில் பரீட்சை எழுதிய மாணவருக்கு 227 புள்ளி போதும். தமிழில் எழுதியவருக்கோ 250 வேண்டும். அதே வினாத்தாள், அதே பீடம், 23 புள்ளி இடைவெளி. 240 எடுத்த தமிழ்ப் பிள்ளை வீட்டில் இருக்க, 230 எடுத்த இன்னொரு பிள்ளை பேராதனைக்குப் போனது. அமைச்சரவையில் ஒரு தமிழ்ப் பொறியியலாளர் இருந்த காலத்தில் இது நடந்தது என்பதை என்னால் இலேசாகக் கடந்துபோக முடியவில்லை. அந்த 23 புள்ளிகள் ஒரு தலைமுறையின் மனதையே மாற்றிவிட்டன.

*

நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1974 ஜனவரி 3 முதல் 10 வரை யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்பது அரசின் விருப்பம். குமாரசூரியரும் அந்தப் பக்கமே நின்றார். அமைப்பாளர்கள் இணங்கவில்லை. இறுதி நாள் இரவு வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்களிடையே பொலிசார் புகுந்தனர். மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போயின. ஊர் மக்களின் விருப்பத்துக்கு எதிரில் நின்ற அமைச்சர் என்ற பெயர் அவருக்கு அதன்பின் நிலைத்துவிட்டது.

*

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இப்படி அமைச்சரான பொறியியலாளர் ஒருவர் உண்டு. அணைக்கட்டுப் பொறியியலாளர் கே. எல். ராவ் 1963இல் இந்தியாவின் நீர்ப்பாசன, மின்சக்தி அமைச்சரானார். நாகார்ஜுனசாகர் அணையில் அவர் பங்கு பெரிது. கங்கையைக் காவிரியோடு இணைக்கும் திட்டத்தை 1972இல் முன்வைத்தவரும் அவரே. ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர். 1962, 1967, 1971 என மூன்று தடவை விஜயவாடா மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றார். நியமனத்தில் வந்தவருக்கும் வாக்கில் வந்தவருக்கும் உள்ள பலம் ஒன்றல்ல.

*

கொழும்புத்துறை என்றதும் பலருக்கு முதலில் நினைவு வருபவர் யோகர் சுவாமி. இலுப்பை மரத்தடியில் இருந்து, பின்னர் அங்கேயே சிறு குடிலில் வாழ்ந்து, 1964இல் சமாதியடைந்தவர். துறவுக்கு முன் அவர் செய்த வேலை தெரியுமா? கிளிநொச்சியில், இரணைமடுத் திட்டத்தை ஒட்டி, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியப் பொறுப்பாளர்!

*

அமைச்சராகாத ஒரு பொறியியலாளரையும் சொல்லியாக வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உயர்பதவி வகித்த ச. ஆறுமுகம், 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு' திட்டத்தை 1954இல் வகுத்தார். கனகராயன் ஆற்று நீர் வீணே கடலில் சேராமல் ஆனையிறவு ஏரியில் தேங்கும். முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி ஏரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் வரும். தொண்டைமானாற்றிலும் கொழும்புத்துறையின் அயலூரான அரியாலையிலும் கதவுகள் கடல்நீரைத் தடுக்கும். நன்னீர் நிலத்தடியில் ஊற, கிணறுகளின் உவர் குறையும். சில பகுதிகளில் வேலை நடந்தது. முழுத் திட்டமும் இன்னும் நிறைவேறவில்லை.

*

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு இன்று சொந்தப் பொறியியல் பீடம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் முதல் அணி மாணவர்கள் 2014இல் சேர்ந்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே படித்தால், ஆறுமுகத்தின் திட்டத்தை ஒருமுறை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முடிக்க வேண்டிய வேலை அதில் நிறைய இருக்கிறது.